எட்டுப் பேர், இரண்டு ட்ரம்போன்: எட்டி பால்மியெரியின் 'லா பெர்ஃபெக்டா' – ஒரு நிகழ்வு ஆய்வு

1961-ல் நியூயார்க்கில் லத்தீன் நடன இசைக்குழு தொடங்க நினைத்தவருக்கு முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். பிராட்வேயும் 53-வது தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பலேடியம் நடனக்கூடத்தில் மச்சீட்டோ, டீட்டோ புவென்டே, டீட்டோ ரொட்ரீகெஸ் ஆகிய மூவரின் பெருங்குழுக்கள் கோலோச்சின. நான்கு ட்ரம்பெட், நான்கைந்து சாக்ஸபோன், பியானோ, பாஸ், மூன்று தாளக்காரர்கள், பாடகர், கோரஸ் என்று மேடை நிறைய ஆட்கள். இன்னொரு பக்கம், அப்போது புதிதாகப் பற்றியெரிந்த பச்சாங்கா நடனத்துக்கு வாசிக்கும் சராங்கா குழுக்கள்: ஒரு புல்லாங்குழல், சில வயலின்கள், தாளம். இரண்டுக்கும் நடுவே ட்ரம்பெட்டுகளை முன்வரிசையில் நிறுத்தும் கொன்ஹுன்டோ. 24 வயது பியானோக்காரர் எட்டி பால்மியெரிக்கு இந்த மூன்றில் எதுவும் கட்டுப்படியாகவில்லை. அவர் சேர்த்த குழு எட்டுப் பேர் கொண்டது. ட்ரம்பெட்டும் இல்லை, வயலினும் இல்லை. பெயர் மட்டும் 'லா பெர்ஃபெக்டா', அதாவது குறையற்றது.

அந்தக் குழு நீடித்தது ஏழு ஆண்டுகள். அதன் ஓசை எப்படிப் பிறந்தது, ஏன் வேலை செய்தது, ஏன் உடைந்தது என்பதே இங்கே பேச்சு. அது பிறந்ததும் உடைந்ததும் ஒரே இடத்தில்தான் என்பது எங்கள் கருத்து: சம்பளப் பட்டியலில்.

பின்னணி, சுருக்கமாக

பால்மியெரி 1936 டிசம்பர் 15 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் போர்ட்டோ ரிகோவின் பொன்சே நகரிலிருந்து வந்தவர்கள். வளர்ந்தது தெற்கு பிராங்க்ஸ். அப்பா அங்கே நடத்திய சிற்றுண்டிக் கடைக்கு 'எல் மாம்போ' என்று பெயர். அண்ணன் சார்லி இவரைவிட ஒன்பது வயது மூத்தவர், ஏற்கெனவே பெயரெடுத்த பியானோக்காரர். எட்டிக்கு எட்டு வயதில் பியானோ பாடம். 13 வயதில் அதை விட்டுவிட்டு மாமாவின் குழுவில் டிம்பாலே (குச்சியால் அடிக்கும் உலோக இரட்டை முரசு) அடிக்கப் போனார். பிறகு மனம் மாறி மீண்டும் பியானோ. இந்தத் தாள இடைவேளை வீண்போகவில்லை. பின்னாளில் அவர் பியானோவை அடித்த விதத்தில் டிம்பாலேக்காரரின் மணிக்கட்டு தெரிகிறது. 'ரொம்பே தெக்லாஸ்', அதாவது கட்டை உடைப்பான், என்ற பட்டப்பெயரும் சும்மா வந்ததல்ல.

1950-களின் நடுவிலிருந்து ஜானி செகி, விசென்டிகோ வால்தெஸ் குழுக்களில் வாசித்தார். 1958 முதல் 1960 வரை டீட்டோ ரொட்ரீகெஸின் பெருங்குழு. அங்கே பியானோக்காரருக்குச் சம்பளம் உறுதி, கைவிரித்து வாசிக்க இடம் குறைவு. ஒழுங்காக எழுதிய இசைத்தாள், குறித்த நேரத்தில் முடியும் பாட்டு. அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் குழு தொடங்கியது பொருளாதார ரீதியில் புத்திசாலித்தனமான முடிவு என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆள்கணக்கு

நடனக்கூடம் ஓர் இரவுக்குக் கொடுப்பது மொத்தத் தொகை. அதை 12 பேருக்குப் பிரிப்பதைவிட 8 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். சிறு குழுவின் முதல் கவர்ச்சி இதுதான். ஆனால் எட்டுப் பேரைக் கொண்டு எதிர்மேடையில் இருக்கும் பதினைந்து பேருக்கு ஈடுகொடுக்க வேண்டும். நடனக்கூடங்களில் ஒரே இரவில் இரண்டு மூன்று குழுக்கள் மாறி மாறி வாசிக்கும். ஓசை மெலிந்தால் ஆடுகிறவர்கள் உடனே இருக்கைக்குப் போய்விடுவார்கள்.

பிராங்க்ஸில் ட்ரைட்டன்ஸ் என்ற மன்றத்தில் நடந்த கூட்டு வாசிப்புகளில் பாரி ராஜர்ஸ் என்ற ட்ரம்போன்காரரைப் (ட்ரம்போன்: நகரும் குழாய் கொண்ட பித்தளை ஊதுவாத்தியம்) பால்மியெரி கேட்டார். ராஜர்ஸ் யூதக் குடும்பத்துப் பிள்ளை, ஜாஸில் ஊறியவர், கியூபா இசையைத் தேடித்தேடிக் கேட்டவர். நான்கு ட்ரம்பெட்டின் வேலையை இவரைக் கொண்டு ஒப்பேற்றலாமா என்பதுதான் தொடக்கத்தில் கேள்வி. ராஜர்ஸுடன் ஜார்ஜ் காஸ்ட்ரோவின் புல்லாங்குழல் சேர்ந்தது. பிறகு இரண்டாவது ட்ரம்போன். ஆரம்பத்தில் பிரேசில்காரரான ஜுவாவ் டொனாட்டோ சில காலம் அந்த இடத்தில் இருந்தார் (பியானோக்காரராகத்தான் உலகம் அவரை அறியும்). அதை நிரந்தரமாக்கியவர் இன்னொரு பிரேசில்காரர், ஜோசே ரொட்ரீகஸ். பாஸில் டேவ் பெரெஸ், கோங்கா என்ற உயரக் கைமுரசில் டாமி லோபெஸ், டிம்பாலேயும் பொங்கோ என்ற சிறு இரட்டைக் கைமுரசும் இரண்டுமே மானி ஒகென்டோ, பாட்டு இஸ்மாயெல் கிந்தானா. ஆக எட்டு.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது ஒகென்டோவின் இடம். பெருங்குழுவில் டிம்பாலேக்கு ஒருவர், பொங்கோவுக்கு ஒருவர். இங்கே ஒருவரே இரண்டையும் பார்க்கும்போது ஒன்றை வாசிக்கையில் மற்றது மௌனம். இந்த ஓட்டையை அடைக்கச் சாதாரணத் தாளக்காரர் அதிகம் அடிப்பார். ஒகென்டோ குறைவாக அடித்தார். டிம்பாலேயின் உலோக விலாவில் தட்டும் 'காஸ்கரா' என்ற நடை, பகுதி மாறும் இடத்தில் 'அபானிகோ' என்ற ஒரு சிறு உருட்டு, பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாடும் 'மோன்டுனோ' பகுதி வந்ததும் மணி வாத்தியத்துக்கு மாற்றம். அவ்வளவுதான். பால்மியெரிக்குப் பழைய கியூபா இசைத்தட்டுகளை அறிமுகப்படுத்தியதும் இவர்தான். கியூபாவின் ஆர்செனியோ ரொட்ரீகெஸின் குழுவில் வாசித்த லிலி மார்ட்டினெஸின் பியானோ அந்தத் தட்டுகள் வழியாகத்தான் பால்மியெரியின் விரல்களுக்கு வந்தது.

அண்ணன் சார்லி இந்த ஓசைக்கு ஒரு பெயர் வைத்தார்: 'ட்ரோம்பாங்கா'. ட்ரம்போனும் சராங்காவும் சேர்ந்த கலவை. வேடிக்கைப் பெயர்தான், ஆனால் அமைப்பைச் சரியாகச் சொல்லும் பெயர். சராங்காவின் வயலின்கள் இருந்த இடத்தில் ட்ரம்போன்கள் உட்கார்ந்தன, குழல் அப்படியே மேலே நின்றது. முதல் இசைத்தட்டு 1962-ல் ஆல் சாந்தியாகோவின் அலேக்ரே நிறுவனத்தில் வந்தது. அதே காலத்தில் போர்ட்டோ ரிகோ பாடகர் மோன் ரிவேராவின் பதிவுகளிலும் ட்ரம்போன் முன்வரிசை இருந்தது, யார் முதல் என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ட்ரம்போனை நியூயார்க் தெருவின் குரலாக்கியது லா பெர்ஃபெக்டாதான் என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை.

ட்ரம்போன் என்ன செய்தது

ட்ரம்பெட்டின் கூர்மை உயரத்தில் இருக்கிறது. ட்ரம்போன் அதைவிட ஓர் எட்டு ஸ்வரம் தாழ்ந்தது, சுமார் 2.7 மீட்டர் குழாய். இரண்டு ட்ரம்போன் சேர்ந்து உரக்க ஊதினால் நடுஸ்தாயி முழுதும் நிரம்பிவிடும். மைக் மோசமாக இருந்த கூடங்களில் இது பெரிய லாபம். ஆனால் விலையும் உண்டு.

முதல் சிக்கல் வேகம். ட்ரம்பெட்டில் விரலால் வால்வை அழுத்தினால் ஸ்வரம் மாறும். ட்ரம்போனில் கையே நகர வேண்டும். நகர்வுக் கம்பிக்கு ஏழு இடங்கள். கீழ்ஸ்தாயியில் அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு அந்த ஏழில் பலவற்றைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், வேகமான சொற்கட்டு குழம்பிப்போகும். மேலே போகப்போக ஸ்வரங்கள் பக்கத்துப் பக்கத்து இடங்களில் கிடைக்கும், கை கொஞ்சம் நகர்ந்தால் போதும். அதனால்தான் ராஜர்ஸின் வரிகள் பெரும்பாலும் மேல்பக்கம் நிற்கின்றன. இதற்கு உதடு பதில் சொல்ல வேண்டும். ஒரே இரண்டு பார் (நான்கு தாளத்தட்டு கொண்ட அலகு ஒரு பார்) சொற்கட்டை ஐந்து நிமிடம் மேல்ஸ்தாயியில் திரும்பத் திரும்ப ஊதினால் உதடு விட்டுக்கொடுத்துவிடும். இருவர் இருப்பது வெறும் சத்தத்துக்காக இல்லை. ஒருவர் தனி வாசிக்க மற்றவர் மூச்சு வாங்கலாம்.

இரண்டாவது, இடநெருக்கடி. ட்ரம்போன் நிற்கும் நடுஸ்தாயியில்தான் பியானோவின் இடதுகையும் இருக்கிறது. இருவரும் ஒரே இடத்தில் கோர்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) கட்டினால் சேறு. பால்மியெரி மோன்டுனோவை (அதே பெயரில் பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கும் நடை) எட்டு ஸ்வர இடைவெளியில் இரட்டித்து, மேலே தூக்கி, கட்டையை உரக்க அடித்துத் தப்பித்தார். குழல் அதற்கும் மேலே. இப்படி மாடி மாடியாகப் பிரித்ததால் எட்டு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும், மொத்தமாகவும் பெரிதாகக் கேட்கும். பெருங்குழுவில் ஆளைக் கூட்டிப் பெற்ற கனத்தை இங்கே இடைவெளியைக் காத்துப் பெற்றார்கள்.

16 கட்டங்கள்

இந்த இசையின் எலும்பு கிளாவே, திரும்பத் திரும்ப வரும் ஐந்து அடித் தாளக்கட்டு. இரண்டு பார் கொண்ட ஒரு சுற்றை 16 சம கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 2-3 கிளாவேயில் அடி விழும் கட்டங்கள் 3, 5, 9, 12, 15. முதல் பாரில் இரண்டு அடி, இரண்டாவதில் மூன்று. பாஸ் முதல் கட்டத்தைத் தொடாது. ஒவ்வொரு பாரிலும் நான்காவது, ஏழாவது கட்டங்களில் விழும், அதாவது சுற்றில் 4, 7, 12, 15. கடைசி இரண்டும் கிளாவேயோடு ஒட்டுவதைக் கவனியுங்கள். பியானோவின் வழக்கமான மோன்டுனோ 1, 3, 4, 6, 8, பிறகு 10, 12, 14, 16. அதாவது முதல் பாரில் தட்டோடு தொடங்கி, இரண்டாவது பார் முழுக்க தட்டுக்கு வெளியே நடக்கும். கோங்காவின் திறந்த ஒலி ஒவ்வொரு பாரின் கடைசி இரண்டு கட்டத்தில்.

எழுதிப் பார்த்தால் எளிது. தவறு நேர்வது இங்கே: ஒரு ட்ரம்போன் சொற்கட்டு ஒரு பார் தள்ளித் தொடங்கினால், அதன் தட்டோடு ஒட்டிய பாதி கிளாவேயின் மூன்று அடிப் பக்கத்தில் போய் விழும். எல்லாரும் சரியான வேகத்தில்தான் வாசிப்பார்கள், ஆனாலும் ஆடுகிறவர் கால் தடுமாறும். இதற்கு 'குருசாதோ' என்று பெயர், குறுக்கே போனது என்று பொருள். எடுப்பு மாறிப் பாடியவரோடு மிருதங்கக்காரர் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டின் நடுவே 2-3 லிருந்து 3-2-க்குப் போக வேண்டுமானால் கிளாவேயை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பார்கள் உள்ள ஒரு பகுதியை எழுதிவிட்டால், கிளாவே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்க, அடுத்த பகுதி மறுபக்கத்தில் தானாகத் தொடங்கும். இதைக் கணக்கிட்டுச் செய்தால் கலை, கவனியாமல் செய்தால் விபத்து.

இந்த எலும்பின் மேல் ராஜர்ஸ் கட்டியவை 'மோன்யா' எனப்படும் அடுக்குகள். எழுதிவைத்த பித்தளைப் பகுதியை மாம்போ என்பார்கள். மோன்யா மேடையிலேயே பிறப்பது. ஒருவர் இரண்டு பார் சொற்கட்டு ஒன்றைத் தொடங்குவார். அது நிலைத்ததும் மற்றவர் அதன் ஓட்டையில் வேறொன்றைச் செருகுவார். குழல் மேலே கிளம்பும், கோரஸ் சேரும். பால்மியெரி கீழே இரண்டு மூன்று கோர்டை விடாமல் சுற்றிக்கொண்டிருப்பார். இங்கே அவசரம்தான் எதிரி. இரண்டாவது அடுக்கு நான்கு சுற்று முன்னதாக வந்துவிட்டால் முதல் அடுக்கு காதில் பதிந்திருக்காது, எல்லாமே இரைச்சலாகிவிடும். பால்மியெரியின் பெரிய திறமை வாசிப்பதைவிடப் பொறுத்திருப்பதில் என்று நாங்கள் நினைக்கிறோம். அவருடைய கர்ஜனையும் முனகலும் இசைத்தட்டுகளில் கேட்கிறது. பொறுத்திருப்பது எளிதாக இருக்கவில்லை போலும்.

'அசூகார்'

1965-ல் டீக்கோ நிறுவனம் வெளியிட்ட 'அசூகார் பா தி' இசைத்தட்டில்தான் எல்லாம் ஒன்றுகூடி வந்தது. அதில் 'அசூகார்' என்ற பாட்டு எட்டு நிமிடத்தைத் தாண்டும். வானொலி மூன்று நிமிடப் பாட்டையே விரும்பிய காலம். நீள்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம்தான், அதில் ஒரே பாட்டு ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். இது நடனக்கூடத்தில் வாசித்து நீண்ட பாட்டு. மோன்யா சூடேற அந்த நேரம் வேண்டும், வெட்டினால் பாட்டே இல்லை.

அதில் வரும் பியானோத் தனியைப் பயிற்சிக்கு எடுப்பவர்கள் பலர், பாதியில் விடுபவர்களும் பலர். இடதுகை மோன்டுனோவை விடாமல் ஓட்டுகிறது. வலதுகை அதற்கு எதிராகத் தனி வாசிக்கிறது. வழக்கமாகத் தனி வாசிக்கும்போது பியானோக்காரர் மோன்டுனோவை விட்டுவிடுவார், அப்போது அடித்தளத்தைப் பாஸ் மட்டுமே தாங்கும். பெருங்குழுவில் அதை மறைக்கப் பித்தளை இருக்கிறது. எட்டுப் பேர் குழுவில் மறைக்க ஆளில்லை, ஆகவே ஒருவரே இரண்டு பியானோக்காரர் ஆனார். பழகுகிறவர்கள் செய்யும் வழக்கமான தவறு, வலதுகை உணர்ச்சிவசப்படும்போது இடதுகையும் அதோடு தட்டுக்கு இழுபடுவது. இடதுகையை மட்டும் வாயால் கிளாவே சொல்லிக்கொண்டே, பேச்சுக் கொடுத்தாலும் நிற்காத அளவுக்குப் பழக்கிய பிறகே வலதுகையில் ஒரே ஒரு ஸ்வரத்தை வைக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த இசைத்தட்டைச் சேர்த்தது.

அடுத்து 1966-ல் வைப்ரஃபோன் கலைஞர் கால் ஜேடருடன் வெர்வ் நிறுவனத்துக்கு ஒரு இசைத்தட்டு, அதற்கு ஈடாக டீக்கோவுக்கு இன்னொன்று. ஜாஸ் கேட்பவர்களின் காதில் பால்மியெரி விழுந்தது இதனால்தான். ஜாஸ் பியானோக்காரர்களான மங்க், மெக்காய் டைனர் ஆகியோரின் கோர்டு அடுக்குகள் அவர் கையில் ஏற்கெனவே இருந்தன. ஷிலிங்கர் முறை என்ற கணித வழி இசையமைப்பையும் பாப் பியாங்கோ என்ற கிதார் ஆசிரியரிடம் பயின்றார். அதே ஆசிரியர் வழியாக அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையும் தலைக்குள் ஏறியது. நில வாடகையும் வறுமையும் ஒரு நடனக்குழுத் தலைவரின் பேச்சில் வருவது அப்படித்தான் தொடங்கியது.

உடைவு

1966-ல் பலேடியம் மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டு முன்பே மது விற்கும் உரிமம் போய்விட்டிருந்தது, மது விற்காத நடனக்கூடம் இசைக்குழுவுக்குக் கொடுக்கும் தொகை என்னவாகும் என்று ஊகிக்கலாம். இளைஞர்கள் பூகலூ பக்கம் சாய்ந்தார்கள். ஆங்கிலச் சொற்கள், கைத்தட்டல், எளிய தாளம், அதை வாசிக்க இன்னும் சின்னக் குழுவும் இன்னும் இளைய ஆட்களும் போதும். எட்டுப் பேர் என்பது 1961-ல் சிக்கனம். 1968-ல் அது ஆடம்பரமாகிவிட்டது. அதே எட்டுப் பேர், அதே திறமை, மாறியது பிரிக்க வேண்டிய தொகை மட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஓசை தாளில் இல்லை, ஆட்களில் இருந்தது. ராஜர்ஸுக்குப் பதில் வேறொரு நல்ல ட்ரம்போன்காரரை ஒரு இரவு உட்காரவைத்தால் மாம்போ வரும், மோன்யா வராது. பெருங்குழுவில் ஆள் மாறினால் இசைத்தாள் காப்பாற்றும். இங்கே ஒவ்வொருவரும் மாற்ற முடியாதவராக இருந்தது குழுவின் பலம், அதுவே கழுத்தைப் பிடித்தது. 1968-ல் குழு கலைந்தது. ராஜர்ஸ் ஜாஸ்-ராக் பக்கம் போய் 'டிரீம்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒகென்டோ 1974-ல் பாஸ் கலைஞர் ஆண்டி கொன்சாலெஸுடன் சேர்ந்து 'லிப்ரே' குழுவை அமைத்தார், அங்கேயும் முன்வரிசையில் ட்ரம்போன்கள். ட்ரம்போன்காரர் வில்லி கொலோனின் 1967 முதல் இசைத்தட்டிலும் அதே ட்ரம்போன் உறுமல். சால்சா என்று உலகம் பிறகு அழைத்த ஓசையின் பாதி இப்படி லா பெர்ஃபெக்டாவிலிருந்து சிதறிப் போனது.

அதன் பிறகு

தனியாக நின்ற பால்மியெரியின் கணக்கு ஏற்றஇறக்கமானது. 1971-ல் 'வாமோனோஸ் பால் மோன்டே', அண்ணன் சார்லி ஆர்கனில். அதே ஆண்டு 'ஹார்லெம் ரிவர் டிரைவ்', சோல் இசைக்காரர்களையும் லத்தீன் இசைக்காரர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்த முயற்சி. அந்தப் பெயரில் உள்ள சாலை ஹார்லெமைத் தொடாமல் ஓரமாகக் கடந்துபோவது, பெயரே குற்றச்சாட்டு. விற்பனை சொல்லும்படியில்லை. லத்தீன் வானொலிக்கு அது ஆங்கிலப் பாட்டு, சோல் வானொலிக்கு லத்தீன் பெயர். 1972-ல் சிங் சிங் சிறையில் கைதிகள் முன் அதே கூட்டணி வாசித்தது.

1974-ன் 'தி சன் ஆஃப் லாட்டின் மியூசிக்' இசைத்தட்டில் ராஜர்ஸ் திரும்பி வந்தார், பாடகர் 16 வயது லாலோ ரொட்ரீகெஸ். சிறந்த லத்தீன் பதிவு என்று கிராமி முதன்முதலாக ஒரு பிரிவை வைத்தபோது, 1976-ல் அந்தப் பரிசை வாங்கியது இதுதான். அடுத்த ஆண்டும் அவருக்கே, 'முடிக்கப்படாத தலைசிறந்த படைப்பு' என்று பொருள்படும் தலைப்புள்ள இசைத்தட்டுக்கு. 1978-ல் பெரிய நிறுவனமான எபிக்குக்குச் செய்த தட்டில் வசதிக்குக் குறைவில்லை. கேட்டுப் பாருங்கள், லா பெர்ஃபெக்டாவின் எட்டுப் பேர் தந்த நெருக்கடி அதில் இல்லை.

1995-ல் கிராமியில் லத்தீன் ஜாஸ் தனிப் பிரிவாக வந்ததற்கு உள்ளிருந்து வாதாடியவர்களில் பால்மியெரி முக்கியமானவர். 2011-ல் கிராமி 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தபோது அது வெட்டுப்பட்டது. அவரும் தாளக்கலைஞர் பாபி சனாப்ரியா போன்றோரும் எதிர்த்தார்கள், மறுவருடம் பிரிவு திரும்பியது. 2013-ல் தேசியக் கலை நிதியத்தின் ஜாஸ் மாஸ்டர் விருது. 2025 ஆகஸ்ட் 6 அன்று நியூ ஜெர்சியில், 88 வயதில் காலமானார்.

2002-ல் 'லா பெர்ஃபெக்டா II' என்ற பெயரில் அந்தப் பழைய ஓசையை மறுபடி எழுப்பினார். அப்போதுதான் பழைய குறை வெளியே வந்தது. ராஜர்ஸ் 1991-லேயே இறந்துவிட்டார், மேடையில் பிறந்த மோன்யாக்களுக்குத் தாள் கிடையாது. டக் பீவர்ஸ் என்ற இளம் ட்ரம்போன்காரர் பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அப்படி எழுதுகிறவருக்கு முதல் தலைவலி, இரண்டு ட்ரம்போன்களில் எது எந்த வரி என்று பிரிப்பது. ஒரே ஸ்தாயி, ஒரே கரகரப்பு, அக்காலப் பதிவின் நெருக்கம். மேல்வரியை ராஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டுக் கீழ்வரியைத் தேடினால், நடுவில் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். கம்பி எங்கே இருந்தால் அந்தச் சறுக்கல் சாத்தியம் என்று கையில் ட்ரம்போனை வைத்துக்கொண்டு சரிபார்த்தால்தான் யார் எதை ஊதினார் என்று பிடிபடும்.